நூறு ரூபாக் கருணை

இலங்கையில் விலங்குகள் வதைக்கப்படுவதைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வீட்டு விலங்குகளும், பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளும், சிறைப்பட்ட பறவை, மீன், ஊர்வனவும் அதன் காப்பிற்கு உட்பட்டன. குற்றவாளிக்கு நூறு ரூபா வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். வாயில்லாப் பிராணிகளுக்காகப் பரிந்தெழுந்த இச்சட்டத்தை வரவேற்காதவர் யார்? ஆயினும், அந்த நூறு ரூபா யார் மடியிலிருந்து வந்தது என்று கேட்பது வரலாறு பயில்வோரின் கடமையாகும்.

இக்கருணையின் ஊற்று இங்கிலாந்திலே பிறந்தது. கட்டிவைத்த காளைமீது நாய்களை ஏவி மகிழும் களியாட்டத்தைத் தடைசெய்ய 1800 இல் கொண்டுவரப்பட்ட மசோதா, பாராளுமன்றத்தில் இரண்டே வாக்குகளால் தோற்றது. அதனை எதிர்த்து நின்றவர் வில்லியம் விண்டம். சீமான்கள் வேட்டையாடித் திரிய, ஏழையின் விளையாட்டை மட்டும் குற்றமாக்குவது நீதியோ என்பது அவர் வாதம். அவர் சுட்டிய முரண்பாடு மெய்யானது. அதிலிருந்து அவர் கண்ட முடிவோ பொய்யானது. பெரியவன் செய்யும் கொடுமையைக் காட்டி எல்லாக் கொடுமையையும் காப்பாற்ற முனைந்தார் அவர்.

1822 இல் ரிச்சர்ட் மார்ட்டினின் முயற்சியால் குதிரை, மாடு, கழுதை, ஆடு முதலியவற்றுக்கான முதற் சட்டம் நிறைவேறியது. 1824 இல் அதனை நடைமுறைப்படுத்தச் சங்கமும் தோன்றியது. காளை வதையும் சேவற் சண்டையும் 1835 இல் தடுக்கப்பட்டன. ஆனால், கனவான்கள் குதிரையேறி நாய்களுடன் நரியைத் துரத்தும் வேட்டை, 2004 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நாட்டில் குற்றமாகவில்லை. விண்டம் சுட்டிய முரண்பாடு இருநூறு ஆண்டுகள் உயிரோடிருந்தது.

அதே ஆட்சியாளர் இலங்கையில் நடந்துகொண்ட முறையை நோக்குவோம். 1867 இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்படும்வரை, மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டுக் கரத்தைகளிலேயே கொண்டுசெல்லப்பட்டது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நுகம் தாங்கிய மாடுகள் கொள்ளைநோய்க்கும் கூட்டங்கூட்டமாய் இரையாயின. இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. காட்டு யானையைக் கொன்றவருக்கு அரசே பணம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 க்கு மேற்பட்ட யானைகளுக்கு இவ்வாறு பரிசளிக்கப்பட்டது. ஊவாவில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று புகழப்பட்டார்.

இந்தப் பின்னணியில் வந்த 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூறு ரூபா என்பது கரத்தைக்காரனின் பல மாத உழைப்பு. மாட்டை அடித்த கை அவனுடையதுதான். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாரத்தையும் வாடகையையும் நாளையும் நிர்ணயித்த கை வேறு. தெருவில் நின்ற பொலிசாரின் கண்ணுக்கு அந்தக் கை தென்படவில்லை.

காலம் இச்சட்டத்தைத் தலைகீழாக்கியது. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டவரைவொன்றை ஆக்கியபோதும், தண்டத்தின் உச்சவரம்பு அதே நூறு ரூபாவாகவே இருந்தது. ஒருவேளைச் சோற்றுக்கும் போதாத அத்தொகை, யானை வைத்திருக்கும் செல்வந்தனுக்கு எந்த மூலைக்கு? விலங்கு நல ஆர்வலர்கள் ஓயாது வற்புறுத்தியும், அவ்வரைவு அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெறவே 2016 வரை பத்தாண்டுகள் சென்றன.

2001 இல் தாய்லாந்து அன்பளிப்பாக வழங்கிய சக் சுரின் என்ற யானை விகாரையொன்றின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அது புண்ணோடும் மடங்காத காலோடும் துன்புறுவதை உள்நாட்டு ஆர்வலர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர். பயன் காணாது தாய்லாந்திடம் முறையிட்ட பின்னரே வழி பிறந்தது. 2022 இல் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த யானை, 2023 ஜூலை 2 இல் விமானமேறித் தாயகம் திரும்பியது. பிறநாட்டு அரசு கேட்டபோது திறந்த கதவு, சொந்த நாட்டு மக்கள் தட்டியபோது திறக்கவில்லை.

ஏழை வாழ்வைப் பேசும் நம்மிற் சிலர், மாட்டுக்கும் யானைக்கும் இரங்குவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென ஒதுக்குவதுண்டு. அது விண்டமின் வாதமேயன்றி வேறில்லை. ஒரே நுகத்தின் ஒருபுறம் மாடும் மறுபுறம் கரத்தைக்காரனும் பூட்டப்பட்டிருந்தனர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. ஆகவே, சட்டம் வேண்டும். அது அடித்தவனோடு நின்றுவிடாமல், பாரம் ஏற்றியவனையும் சங்கிலியின் உடைமையாளனையும் எட்டிப் பிடிக்கும் சட்டமாக இருத்தல் வேண்டும்.