மேல்முறையீடு: சென்னை உயர் நீதிமன்றம்

கீழமை நீதிமன்றங்களின் உரிமையியல் தீர்ப்புகளை எதிர்த்து வரும் வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று விசாரிக்கும் முறை இரு கிளைகளிலிருந்து வந்தது. நகரத்துக்கு 1801இல் சுப்ரீம் கோர்ட்டும், வெளி மாவட்டங்களின் அப்பீல்களுக்கு 1802இல் சதர் அதாலத்தும் அமைந்தன. 1862 ஆகஸ்ட் 15 அன்று உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டபோது இரண்டும் அதற்குள் அடங்கின.

அதற்கும் மேலே லண்டன் பிரிவி கவுன்சில் இருந்தது. வழக்காடுவோரின் பணத்தையும் ஆயுளையும் தின்றது அந்தப் படிதான். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் இறந்தார். வாரிசுச் சண்டை பல சுற்று நடந்து, அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக லண்டனில் தீர்ப்பு வந்தது 1863இல். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் தானாகச் சம்பாதித்த சொத்து யாரைச் சேரும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949இல் நீங்கியது.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தையும் சட்டத்தையும் சேர்த்தே அலசலாம். இரண்டாம் மேல்முறையீடு அப்படியல்ல. 1976 திருத்தத்துக்குப் பின் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அது ஏற்கப்படும். அந்தக் கேள்வியை நீதிபதியே வகுத்து எழுத வேண்டும். மேல்முறையீட்டில் தனி நீதிபதி தந்த தீர்ப்பை அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளிடம் கொண்டுபோகும் வழியும் 2002இல் அடைபட்டது.

உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 90 நாள் கெடு. பதிவுத்துறை கட்டணத்தையும் நகல்களையும் சரிபார்த்து, குறையிருந்தால் கட்டைத் திருப்பிவிடும். எல்லாம் சரியானால்தான் வழக்குக்கு நம்பர். பின்பு அட்மிஷனுக்காகப் பட்டியலில் வரும். அன்று எதிர்த்தரப்பு இல்லாமலே, அப்பீல்காரரின் வக்கீலைக் கேட்டுவிட்டுத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தப்பினால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், கீழ்க்கோர்ட் ஆவணங்கள் வரவழைக்கப்படும், இறுதி விசாரணைக்கான காத்திருப்பு தொடங்கும். அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவருக்கு இறுதி விசாரணையைவிட அந்த உத்தரவே பெரிது.

கன்னியாகுமரிக்காரர் அப்பீலுக்காகச் சென்னைக்குச் சுமார் 700 கிலோமீட்டர் பயணம் செய்த நிலை, 2004 ஜூலை 24 அன்று 13 மாவட்டங்களுக்கான மதுரைக் கிளை திறந்தபின் மாறியது.