மொரிஸ் மைனரும் தலைகீழான பிளக் இலக்கமும்

1977இல் இலங்கையின் இறக்குமதிக் கதவு திறந்தபோது, எங்கள் பகுதி மொரிஸ் மைனர்க்காரர்களுக்குப் புதிதாக ஒரு தலையிடி வந்தது. புது பிளக் போட்ட கார் சில நாளில் மூன்று சிலிண்டரில் இழுக்கத் தொடங்கிவிடும். பாலமுனையில் என் வாப்பாவின் கராஜுக்கு அப்படி வந்த வண்டிகளின் பிளக்கைக் கழற்றினால், நுனி எண்ணெய்க் கரியில் மூழ்கிக் கிடக்கும். பிஸ்டன் றிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று வேறு இடங்களில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் கோளாறு பிளக்கில் எழுதியிருந்த இலக்கத்தில் இருந்தது.

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முதலில் அதில் இருந்தது 918 சிசி பக்கவால்வு எஞ்சின். அதற்கு 12.7 மில்லிமீற்றர் புரியுள்ள கட்டைப் பிளக் போதும். 1952 முதல் வந்த ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு 19 மில்லிமீற்றர் புரி வேண்டும். அதில் கட்டைப் பிளக்கைப் போட்டால் மிச்சப் புரியில் கரி பிடிக்கும். பிறகு சரியான பிளக் உள்ளே இறங்காது. 1956இல் வந்த 948 சிசி மைனருக்குக் கம்பனி சொன்னது சாம்பியன் என்5.

இறக்குமதிக் கட்டுப்பாடு 1960களில் தொடங்கி 1970களில் இறுகியது. றிங் கிடைக்கவில்லை. எஞ்சின்கள் எண்ணெய் குடித்துக்கொண்டே ஓடின. பிளக்கைப் பெற்றோலில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, தேய்ந்த முனையை அரத்தால் சமப்படுத்தித் திரும்பவும் பூட்டினார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடிக்க முடிந்தவர்கள் என்5 இருந்த இடத்தில் என்8 போட்டார்கள். சாம்பியனில் இலக்கம் கூடினால் பிளக் சூடானது. அதன் பீங்கான் மூக்கு நீளம். சூடு மெல்லத்தான் வெளியேறும். மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரியும். எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்கு அந்தச் சூடு தேவைப்பட்டது. கையில் எதுவும் இல்லாத காலத்தில் மெக்கானிக்குகள் கண்ட நல்ல வழி அது.

பிறகு ஜப்பான் சாமான் வந்தது, அதோடு என்ஜிகே பிளக்கும் வந்தது. அதில் இலக்கம் கூடினால் பிளக் குளிரானது. சாம்பியனுக்கு நேர் எதிர். பழைய கை ஒரு இலக்கம் ஏற்றிப் போட, ஏற்கெனவே எண்ணெய் குடிக்கும் எஞ்சினில் இன்னும் குளிரான பிளக் போய் உட்கார்ந்தது. கரி மூடாமல் என்ன செய்யும்? நல்ல எஞ்சின்களை இதற்காக இறக்கிப் பிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. "மகன், நம்பரப் பாக்காத, மூக்கப் பாரு" என்பார் வாப்பா. இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பிடித்து மூக்கு நீளத்தை ஒப்பிட்டுக் காட்டுவார். எந்தக் கம்பனிக்கும் அது பொருந்தும்.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்து ஒஸ்டின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பிளக் கழுவுவது அங்கே அன்றாட வேலை. அந்த மெக்கானிக்குகளின் திறமையை யாராவது விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றதும் பிளக் வாசிப்பும் மாறியது. முன்பு நல்ல எஞ்சினின் மூக்கில் சாம்பல் கலந்த தவிட்டு நிறம் படியும். ஈயமில்லாப் பெற்றோலில் பிளக் நெடுநாள் வெள்ளையாகவே கிடக்கும். அதைக் கண்டு காற்று கூடிவிட்டது என்று காபரேட்டரைத் திருகக் கூடாது. பீங்கானின் அடிவேரில் உள்ள மெல்லிய வளையத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று ஏ-சீரிஸ் எஞ்சினோடு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது என்ஜிகே பிபி6இஎஸ். இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர், பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டாமல் பீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் மெதுவாகப் போய்வரும், எண்ணெய் குடிக்கும் வண்டிக்கு பிபி5இஎஸ். ஐந்துதான் சூடானது.