ஒரு பீரும் ஒரு பிறந்த நாளும்

1935 மே மாதம். நியூயார்க் பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன் ஆக்ரன் நகருக்கு வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் பாரின் சத்தம் இழுத்தது. அவரோ தொலைபேசியை எடுத்து, பாதிரியார் ஒருவர் மூலம் இன்னொரு குடிகாரரைத் தேடினார்.

கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று வந்தவர் ஆறு மணி நேரம் பேசினார். அறிவுரை சொன்னவர்கள் முன்பும் உண்டு. இவரோ தானும் குடித்துக் கெட்டவர். பாப் குடியை நிறுத்தினார்.

சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவ மாநாடு. ரயிலிலேயே ஆரம்பித்து, நினைவு தப்பக் குடித்துத் திரும்பினார் பாப். பில்லும் பாபின் மனைவியும் பக்கத்திலிருந்து தேற்றினார்கள். அறுவை சிகிச்சை ஒன்று காத்திருந்தது. கை நடுக்கம் அடங்க பில் ஒரு பீர் கொடுத்தார். அதுவே கடைசி. அறுவை முடிந்ததும் பாப், கடன் கொடுத்தவர்களையும் தன்னால் புண்பட்டவர்களையும் தேடிப் போனார். 1950-ல் இறக்கும்வரை குடிக்கவில்லை.

அந்த நாளை 1935 ஜூன் 10 என்று கணக்கிட்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பாப் முதன்முதலில் குடியை நிறுத்திய நாளை அது எடுத்துக்கொள்ளவில்லை என்பது கவனிக்க வேண்டியது.