நம் கைக்கு வந்த ஆங்கில இலக்கணம்: ஒரு சிறு வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

"சார், அட்வான்ஸ்டு கிராமர் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதுபவர், அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதத் தயங்குபவர், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கும் தாய் என்று பலதரப்பட்டவர்கள். பெயர் சொல்வது எளிது. ஆனால் அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று புரியும்.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியது தமிழ் அறிந்தவர்களுக்கு. 'நான் வந்தான்' என்பது பிழை என்று தெரிந்துகொள்ள நம் வீட்டுக் குழந்தை நன்னூல் படிக்க வேண்டியதில்லை. ஆனால் கடல் கடந்து வந்தவர்களுக்கு அதுவே பெரிய கேள்வி. அதனால்தான் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் லத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. தமிழ் தெரிந்தவருக்கு ஓர் இலக்கணம், தமிழ் கற்க வருபவருக்கு இன்னொன்று.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762-இல் ஒரு சிறிய ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். 1795-இல் லிண்ட்லி மரே எழுதியது அதைவிடப் பரவலாக விற்றது. மரே அமெரிக்காவில் பிறந்த வழக்கறிஞர், இங்கிலாந்தின் யார்க் நகர்ப் பக்கம் குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காகவே அதை எழுதினார். அந்தப் பெண்கள் தொட்டிலிலேயே ஆங்கிலம் பேசியவர்கள். எனவே அந்த நூல்களின் வேலை மொழியைக் கற்றுக்கொடுப்பதல்ல, ஏற்கெனவே பேசுகிறவரைத் திருத்துவது.

1835-இல் மெக்காலேயின் குறிப்பும், பெண்டிங்க் பிரபுவின் ஆணையும் வந்தன. அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. பள்ளிகள் பெருகின. திருத்துவதற்காக எழுதிய இலக்கண முறையே, கற்க வந்த நம்மவர் கைக்கும் வந்து சேர்ந்தது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1935-இல், ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அந்த ரென் இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றியவர். 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவர்தான். நானும் அந்தப் புத்தகத்தில்தான் ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் மாற்றிப் பழகினேன். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் கண்ணை அது கொடுத்தது.

ஆனால் வேறொரு கிளையும் இருந்தது. அது பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, நம்மைப் போன்றவர்களின் வகுப்பறைகளில். மைக்கேல் வெஸ்ட் என்பவர் டாக்காவில் வங்காளக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆராய்ந்து பாடநூல்கள் எழுதினார். ஹார்ன்பி 1924-இல் ஜப்பானுக்கு ஆசிரியராகப் போனார். அங்குள்ள மாணவர்களின் பிழைகள் வேறு விதமானவை. 'ஐ வான்ட் யூ டு கோ' சரி என்றால், 'ஐ சஜெஸ்ட் யூ டு கோ' ஏன் தவறு? ஆங்கிலேயக் குழந்தைக்கு இந்தச் சந்தேகமே வராது. நமக்கு வரும். ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதியை ஹார்ன்பி நண்பர்களோடு சேர்ந்து தயாரித்தார். 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோவில் அது வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதையே மறுபதிப்பு செய்தது. இன்று நீங்கள் வைத்திருக்கும் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழியில் வந்ததுதான். ரேமண்ட் மர்ஃபியின் 1985 புத்தகமும், மார்ட்டின் ஹ்யூயிங்ஸ் எழுதிய 1999-ஆம் ஆண்டின் 'அட்வான்ஸ்டு கிராமர் இன் யூஸ்' புத்தகமும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணப் பாடத்தையே எடுக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே போகும் என்பது அவர் கருத்து. மொழி கற்பித்தல் பற்றிப் படிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம் மாணவி ஒருத்தி செவிலியராக இருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் மட்டும் இரண்டு முறை மதிப்பெண் குறைந்துவிட்டது. "தமிழ் மீடியம் படிச்சவளுக்கு இதுக்கு மேல வராது சார்" என்றாள். இலக்கணப் புத்தகத்தில் கோடிட்ட இடமெல்லாம் சரியாகவே நிரப்பியிருந்தாள். நான் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அவள் எழுதிய நாலு கடிதங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

பிழைகள் நிறைய இருந்தன, ஆனால் வகைகள் இரண்டே. ஒன்று, 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே'. தமிழில் 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் எஸ்டர்டே வந்துவிட்டால் ஹேஸ் கம் கூடாது, கேம் தான். இரண்டாவது, 'ஏ', 'த' போட வேண்டிய இடங்கள். தமிழில் அப்படியொரு தனிச்சொல் கட்டாயமில்லை. எனவே கை தானாக விட்டுவிடுகிறது. இது மூளைக் குறையும் இல்லை, மீடியத்தின் குறையும் இல்லை. இரண்டு மொழிகள் உரசும் இடம், அவ்வளவுதான்.

அதே தமிழ் உதவியும் செய்கிறது. 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று அவள் தினமும் பேசுகிறாள். அதுதான் 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்'. எல்லோரும் பயப்படும் கண்டிஷனல். இஃப்பை எடுத்துவிட்டு 'ஹேட் ஐ நோன்' என்று தொடங்கினால் அதுவே அட்வான்ஸ்டு கிராமர். தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்த்ததும் அவளுக்கு உடனே பிடிபட்டது.

ஆகவே என் யோசனை இது. ரென் அண்ட் மார்ட்டின் வீட்டில் இருந்தால் இருக்கட்டும், வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க உதவும். பயிற்சிக்குக் கற்பவருக்காக எழுதிய புத்தகம் ஒன்று போதும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடிக்க வேண்டாம். தினம் பத்து வரி சொந்தமாக எழுதுங்கள். வாரம் ஒருமுறை உங்கள் பிழைகளை வகை பிரித்து நோட்டில் குறியுங்கள். அந்த வகைக்குரிய பாடத்தை மட்டும் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். பிறகு அதே அமைப்பில் உங்கள் வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.

அந்த மாணவி மூன்றாம் முறை எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் "எனக்கு வராது" என்ற பேச்சு அவள் வாயில் இப்போது இல்லை.

வேண்டுபவர்கள் பத்து வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எல்லோரும் நலமாக இருங்கள்.