பிரான்சினா குதிக்கவில்லை

சென்ற வாரம் கொட்டியாரக் குடாவில், 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டதோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து வடக்கே, கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது சுவாமி மலை. நொக்ஸ் வந்தபோது அதன் உச்சியில் கோயில் இல்லை. சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலை 1620களிலேயே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்துத் தள்ளி, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிவிட்டார். சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரம் பார்த்துப் பிராமணர் வேடத்தில் பறங்கியர் உள்ளே புகுந்தார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. மலையில் மூன்று கோயில்கள் இருந்ததாகக் கெய்றோஸ் பாதிரியார் எழுதிவைத்தார். அவர் கோவாவில் இருந்து எழுதியவர்; இலங்கை மண்ணை மிதித்தவரில்லை.

ஆக, பின்னால் வந்த பயணிகள் கண்டதெல்லாம் வெறும் பாறையும் ஒரு தூணும்தான். கோயில் தூண் என்று கருதப்படும் அந்தக் கல்லில் ஒல்லாந்தர் ஒரு பெயரைப் பொறித்திருந்தார்கள்: பிரான்சினா வான் ரீட். நாள் 1687 ஏப்ரல் 24. போதாதா? கதை பிறந்துவிட்டது. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஒல்லாந்த அதிகாரி வாக்கை மீறிக் கப்பலேறினானாம். கப்பல் மலையைச் சுற்றிக் கடக்கும் வேளையில் அவள் உச்சியிலிருந்து குதித்தாளாம். 1859இல் வெளிவந்த தம் பெருநூலில் இதை உருக்கமாகச் சொல்கிறார் எமர்சன் டெனன்ட், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். ஆங்கிலேயர் அந்தச் செங்குத்துக்கு 'லவர்ஸ் லீப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே மலைப் பிளவு நம்மவர்களுக்கு இராவணன் வெட்டு.

ஒல்லாந்த ஆவணங்களைப் புரட்டியவர்கள் கண்டது வேறு. பிரான்சினா, வான் ரீட் பிரபுவின் வளர்ப்பு மகள். கேரளத்துச் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று பதிப்பித்தாரே, அவரேதான். 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே அவர் இறந்தார். மகளோ குதிக்கவுமில்லை, சாகவுமில்லை. ஒல்லாந்து திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தினாள்.

எனக்கு வியப்பு இதில்தான். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்தி வரவழைத்தவை என்று ஊர் சொல்லும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வெள்ளைக்காரர்கள் வெப்பமானியோடு போனார்கள். ஒவ்வொரு கிணற்றின் சூட்டையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். நம் கதை என்றால் அளவுகோல். தங்கள் கதை என்றால் கண்ணீர்!

ஆனாலும் டெனன்டைத் தள்ளிவிட முடியாது. கோயில் போய் இரு நூற்றாண்டு கடந்தபின்னும் பூசை நிற்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி. பாறை விளிம்பில் குருக்கள் நின்று தீபம் காட்டுவதையும், படையலைக் கீழே கடலில் இடுவதையும் அவர் பதிந்துவைத்தார். அப்போது அது பிரிட்டிஷ் படை இருந்த பிரெட்ரிக் கோட்டை. 1803இல்தான் அப்படிப் பெயர் மாறியது. கோட்டைவாசலைத் தாண்டித்தான் அடியார்கள் வரவேண்டும். விக்கிரகம் இல்லை, கூரை இல்லை, காவலுக்கு அந்நியச் சிப்பாய். அப்படியும் வந்தார்கள். குதிக்காத பெண்ணுக்காக உருகிய பக்கத்தைவிட இந்தப் பக்கமே எனக்குப் பெரிது.

படையல் விழுந்த கடலுக்குள் இறங்கிப் பார்க்கவும் பயணிகள்தான் வரவேண்டியிருந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கியபோது, பாறைகளுக்கிடையே செதுக்கிய கற்களும் தூண்களும் கிடந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1950இல், ஊருக்குள் கிணறு வெட்டியவர்களின் மண்வெட்டியில் சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டிருந்தன. இடிப்புக் காலத்தில் யாரோ புதைத்துக் காத்தவை. 1963இல் மலையுச்சியில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது.

(தொடரும்)