ஆய்வியல் நிறைஞர் (வரலாறு)

வரலாற்றில் ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) என்பது முதுகலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்கும் இடைப்பட்ட நிலையில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கிவந்த ஆய்வுப் பட்டம் ஆகும். தமிழ்நாட்டில் இப்பட்டத்தை வழங்கிய நிறுவனங்களுள் பழனி மலையில் அமைந்துள்ள கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் ஒன்று. 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இந்தியாவில் இப்படிப்பு நிறுத்தப்பட்டது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இது தொடர்ந்து வழங்கப்படுகிறது.

அமைப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி இதன் காலம் குறைந்தது ஓராண்டு, கூடியது இரண்டு ஆண்டுகள் ஆகும். சேர்வதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவைப்பட்டது. மாணவர் முதலில் ஆய்வு நெறிமுறை உள்ளிட்ட தாள்களைப் பயின்று, பின்னர் நெறியாளர் ஒருவரின் கீழ் ஆய்வேடு எழுதி வாய்மொழித் தேர்வை எதிர்கொள்வார். காலம் குறுகியது என்பதால் ஓர் ஊர், ஒரு கோயில், ஒரு சமூகம் அல்லது ஒரு நிறுவனம் என்ற அளவில் தலைப்பைச் சுருக்கிக்கொள்வது பொருத்தமாக அமைந்தது.

கொடைக்கானலில்

அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் சட்டத்தினால் நிறுவப்பட்டது. இதன் வரலாற்றியல் துறையில் பெண்கள் வரலாற்று ஆய்வு மேற்கொள்கின்றனர்.

பழனி மலை தொடர்பான ஆய்வு மூலங்கள்

* கல்திட்டைகள்: பழனி மலையிலுள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகள் பற்றி ஆங்கிலாட், நியூட்டன் ஆகியோர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928 இல் வெளியிட்டது.
* பொருந்தல்: பழனிக்கு அருகில் மலையடிவாரத்திலுள்ள இவ்வூரில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது.
* செண்பகனூர்: இங்குள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் மதுரை மறைப்பணித்தளத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் உள்ளன. இவற்றுள் பல ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை. ஆகவே மொழிப்பயிற்சி இன்றியமையாதது.
* அமெரிக்க மதுரை மிசன்: 1845 இல் கொடைக்கானல் குடியிருப்பைத் தொடங்கியவர்கள் இம்மிசனைச் சேர்ந்தவர்களே. இதன் தாய்ச்சங்கத்தின் ஆவணங்கள் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன.
* அரசு ஆவணங்கள்: திண்டுக்கல் மாவட்டம் 1985 இல் தான் உருவானது. எனவே அதற்கு முந்தைய கொடைக்கானல் தொடர்பான ஆவணங்களை, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதுரை மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும்.

பளியர் போன்ற மலைவாழ் மக்களைப் பற்றி இவ்வாவணங்களில் இருப்பவை பெரும்பாலும் பிறர் எழுதிய குறிப்புகளே. அம்மக்களின் நினைவுகளையும் வழக்காறுகளையும் அறிய வாய்மொழி வரலாற்று முறை தேவைப்படுகிறது.

நிறுத்தம்

2006 இல் இப்பட்டம் பெற்றவர்களுக்கு, இளநிலை வகுப்புகளில் கற்பிப்பதற்கான தேசியத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2009 இல் இவ்விலக்கு நீக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இப்படிப்பைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2022 நவம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் அதை நடைமுறைப்படுத்தின. அதற்கு முன்னர் பட்டம் பெற்றவர்களையும் சேர்ந்து பயின்றுகொண்டிருந்தவர்களையும் இது பாதிக்காது. இது ஏற்கப்பட்ட பட்டம் அன்று என்றும், இதில் மாணவர்கள் சேர வேண்டாம் என்றும் 2023 திசம்பரில் மானியக் குழு மீண்டும் அறிவித்தது.

விளைவுகள்

முதுகலை முடித்தவர் தற்போது நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம். இதனால் ஓராண்டு மீதமாகும் என்பது நிறுத்தத்தை ஆதரிப்போர் கருத்து. முனைவர் ஆய்வுக்குப் பல ஆண்டுகள் ஒதுக்க இயலாதோர், குறிப்பாகச் சிறு நகரப் பெண்கள், ஆவணக் காப்பகத்தில் பணிபுரியப் பழகும் வாய்ப்பை இழக்கின்றனர் என்பது எதிர்ப்போர் கருத்து. நிறைஞர் ஆய்வேடுகளில் பல அச்சேறாதவை. நூலகங்களில் தட்டச்சுப் படிகளாக உள்ள அவற்றைப் பட்டியலிட்டு எண்ணிமப்படுத்துவது வட்டார வரலாற்றுக்கு உதவும்.