தூசி எழுந்து நின்ற கதை

தியாகராய நகரில் நகை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். வீட்டில் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். நகை கைக்குக் கை மாறுகிறது. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு குழந்தை மூலைக்குப் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் சிவப்பு வெல்வெட்டை விரலால் ஒரு பக்கம் தடவினால் கறுக்கிறது; எதிர்ப்பக்கம் தடவினால் வெளுக்கிறது. அதற்கு அது போதும். நானும் அப்படி மூலைக்குப் போன குழந்தைதான்.

"இது வெல்வெட் இல்லைடா தம்பி, தூசி!" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு மாமா. கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் அவருக்கு உத்தியோகம். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். இப்போது அது இல்லை. நகைப் பெட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு அங்கே வெல்வெட் ஏற்றுவார்கள். சாயங்காலம் அவர் சைக்கிளை விட்டு இறங்கும்போது புருவங்கள் இரண்டும் சிவந்திருக்கும். சில நாள் நீலம். இன்றைக்கு மாமா என்ன கலர் என்று தெருப் பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம்.

மாமா சொன்னது நிஜம். அசல் வெல்வெட் தறியில் பிறப்பது. துணியை நெய்யும்போதே அதன்மேல் மயிர்போல நூலை எழுப்பி, சுருக்குச் சுருக்காக விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். நூலும் பிடிக்கும், நேரமும் பிடிக்கும். ஆகவே ராஜாக்களின் துணியாக இருந்தது. மற்றது ஏழையின் வெல்வெட். பசை தடவிய பரப்பில் பொடி இழைகளைத் தூவி ஒட்ட வைப்பது. இங்கிலீஷில் அதற்கு 'பிளாக்' என்று பெயர். அச்சுக் கட்டையும் நமக்குப் பிளாக். சினிமாக் கொட்டகை வாசலில் கூடுதல் விலைக்கு விற்ற டிக்கெட்டும் பிளாக். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் எப்படியோ குழம்பாமல் சமாளிக்கிறார்கள்.

இந்தப் போலி வெல்வெட்டின் வயசு நாம் நினைப்பதைவிட அதிகம். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே தென் ஜெர்மனியில் சாமி படங்களை அச்சடித்து, அங்கியின்மேல் கம்பளிப் பொடி தூவி ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள்தான் 1620-இலேயே ரூவான் நகரத்தில் சுவர்க்காகிதத்துக்கு இதைச் செய்தோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடுவதுண்டு. ஆனால் எனக்கு ரஸமாகப் பட்டது 1634-ஆம் வருஷத்துச் சமாசாரம். அந்த வருஷம் மே முதல் தேதி இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ், ஜெரோம் லேனியர் என்பவருக்கு ஒரு சாசனம் கொடுத்தார். கம்பளி, பட்டு முதலியவற்றின் துகளைத் துணியிலும் தோலிலும் எண்ணெய்யும் பசையும் கொண்டு ஒட்டிச் சுவரில் தொங்கவிடும் திரைகள் செய்யும் வித்தைக்கு அவருக்கே உரிமை என்று. அந்த வித்தைக்கு லேனியர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'லண்ட்ரிண்டியானா'!

லண்டனையும் இந்தியாவையும் ஒட்டவைத்த பெயர். வித்தையில் இந்தியச் சம்பந்தம் துளிக்கூட இல்லை. சரக்கு முழுவதும் லண்டன் சரக்கு. ஆனாலும் இந்தியா என்றால் அழகான துணி என்று அந்த நாளில் அர்த்தம். ஐந்து வருஷம் கழித்து, 1639-இல், பிரான்சிஸ் டே துரை நம் கடற்கரையில் ஒரு மணல்திட்டைக் கேட்டு வாங்கினாரே, அதுவும் இந்தப் பக்கத்துச் சித்திரத் துணிக்காகத்தான். சென்னைப் பட்டணம் பிறந்ததற்கும் அந்த லண்டன் போலிக்கும் காரணம் ஒரே ஆசை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இது சுவர்க்காகிதமாகப் பெரிய தொழிலாகிவிட்டது. நெசவாலைகளில் கம்பளித் துணியைக் கத்தரித்து மட்டம் செய்யும்போது விழுகிற குப்பைதான் மூலப்பொருள். அதைக் கழுவி, சாயமேற்றி, அரைத்து, சலிப்பார்கள். காகிதத்தில் பசையால் கோலம் அச்சடித்து, அடியில் கன்றுத்தோல் கட்டிய நீளப் பெட்டிக்குள் கிடத்திப் பொடியைக் கொட்டுவார்கள். அப்புறம் கீழேயிருந்து தோலைப் பையன்கள் கழியால் அடிப்பார்கள். மத்தளம் மாதிரிதான். பொடி மேகமாக எழும்பி, நிதானமாகப் பசையின்மேல் இறங்கும். இந்தக் காகிதம் லண்டன் ஒயிட்ஹாலில் மந்திராலோசனை அலுவலகச் சுவரிலேயே 1735 வாக்கில் ஏறிவிட்டது. அசல் திரைச்சீலையைப் பூச்சி அரிக்கும். இதை அரிக்காது, பசையில் டர்பன்டைன் இருந்தது. போலி அசலைவிட நீடித்து உழைத்தது. அந்தப் பெட்டிகளை அடித்த பையன்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மத்தளத்தின் இடத்துக்கு மின்சாரம் வந்தது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் துள்ளவைத்து விளையாடியிருப்பீர்கள். அதே வேடிக்கைதான், ஆனால் பல பதினாயிரம் வோல்ட்டில். நைலான் அல்லது ரேயான் நூலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக்கூட நறுக்கி, மேலே ஒரு வலைத்தட்டில் வைத்து மின்னேற்றுவார்கள். கீழே பசை தடவிய பொருள். இழை ஒவ்வொன்றும் அம்புபோலப் பாய்ந்து பசையில் செங்குத்தாகக் குத்திக்கொள்ளும். பக்தருக்கு மயிர்க்கூச்செறிவது மாதிரி நொடியில் பிளாஸ்டிக் தட்டுக்குப் புளகாங்கிதம்! காற்றில் ஈரம் குறைந்தால் இழை மின்சாரம் ஏற்காது, கூடினால் கட்டிதட்டும். ஐப்பசி மாசம் சரக்கு நமத்த மாவாகிவிடுகிறது என்று மாமா அலுத்துக்கொள்வார்.

இவ்வளவும் நேரே ஒட்டுவது. இதைவிட நுட்பமானது, படத்தைத் தனியே செய்துவைத்து வேண்டிய இடத்துக்குப் பெயர்ப்பது. சூயிங்கம் காகிதத்தில் வரும் படத்தை எச்சில் தொட்டுக் கையில் அழுத்தி உரித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுலபமாக விட்டுக்கொடுக்கும் ஒரு பசையைத் தாளில் தடவி, அதன்மேல் இழைகளை மின்சாரத்தால் நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு நிறத்தையும் அதனதன் இடத்தில். பிறகு நிற்கிற இழைகளின் தலையில் பலமான பசையை அச்சடித்து, சூட்டில் உருகும் பொடியையும் தூவிக் காயவைக்கிறார்கள். அதைப் பனியன்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் தலைப்பக்கம் துணியில் பிடித்துக்கொள்ளும். தாளை உரித்தால் அதுவரை காலாக இருந்தது தலையாகிவிடும். ஆகவே படத்தை இடம் வலமாக மாற்றித்தான் போட வேண்டும். தஞ்சாவூரில் கண்ணாடிக்குப் பின்புறம் தீட்டுகிற ஓவியனுக்கும் இதே பாடுதான்.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து லூயிஸ் ஏப்ரம்ஸ் பலநிற மாற்றுப் படங்களுக்கு 1989-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் அச்சுக்குள்ளேயும் படத்தை வைக்கத் துணிந்தார்கள். படத்தை அச்சின் சுவரில் பதித்து, பின்னாலிருந்து உருகிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சுவது. முன்பக்கத் தாள் கவசமாக இருப்பதால் இழைகள் நசுங்குவதில்லை. சாமான் அச்சிலிருந்து வரும்போதே வெல்வெட் படத்தோடு வரும்.

துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடந்த இந்தக் கல்யாணத்தை நினைத்தால் எனக்குக் கிண்டிதான் நினைவுக்கு வரும். துணியைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க அழகப்பச் செட்டியார் பெயரில் 1944-இல் எழுந்த கல்லூரி அங்கே. பிளாஸ்டிக் அச்சு வேலை கற்பிக்க ஐ.நா. உதவியுடன் 1968-இல் வந்த சிப்பெட் அங்கே. நடுவே 1958-இல் ஆரம்பித்த தொழிற்பேட்டை. வெல்வெட் ஒட்டிய தாளின் பின்புறம் பசை தடவி வட்டம் வட்டமாக வெட்டினால் ஸ்டிக்கர் பொட்டு. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் தொடவில்லை; அம்மா குளியலறைக் கண்ணாடி முழுக்க ஒட்டிவைத்திருந்தாள்.

சரி, பசையில் நிற்காத இழை எங்கே போகிறது?

1990-களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நைலான் பொடி ஒட்டி நாற்காலி வெல்வெட் செய்யும் ஆலை ஒன்றில் தொழிலாளிகளுக்கு வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் கண்டது. டேவிட் கெர்ன் என்ற டாக்டர் ஆராய்ந்தார். 150-க்குச் சற்று அதிகமான பேர் இருந்த இடத்தில் எட்டுப் பேருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. கனடாவிலுள்ள கிங்ஸ்டனிலும் சில வருஷம் முன்பு ஐந்து பேருக்கு இதே கதி. அப்போது பூஞ்சக்காளான் என்று நினைத்தார்கள். வெளியே சொல்லக்கூடாதென்று ஆலை ஆட்சேபித்தது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றது. 1997 மே மாதம் டாக்டர்கள் மகாநாட்டில் அவர் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் அவருடைய வேலை நீடிக்காது என்று கடிதம் வந்தது. அதே வருஷம் அமெரிக்க சர்க்காரின் சுகாதார வெளியீடு விஷயத்தை ஊருக்குச் சொன்னது. 'பிளாக் தொழிலாளியின் நுரையீரல்' என்று வியாதிக்குப் பெயரும் ஏற்பட்டது. நூலை நறுக்கும்போது உதிர்கிற, கண்ணுக்குப் படாத சிதறல்கள் காற்றோடு உள்ளே போகின்றன என்றார்கள்.

மாமா இருமினார் என்பது வாஸ்தவம். பீடியும் குடித்தார். ஆகவே எதனால் இருமினார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த ஆலைகளில் கண்ட இன்னொன்றைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இயந்திரங்களைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிறபோதுதான் தூசி மிக மோசமாக எழும்பியது. அந்த வேலை செய்தவர்களுக்கே உபாதையும் அதிகம்.

மாமாவும் சாயங்காலம் சங்கு ஊதியதும் காற்றுக் குழாயை எடுத்துத் தலையிலும் சட்டையிலும் ஊதிக்கொண்டுதான் கிளம்புவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டிலே குழந்தைங்க இருக்குதுங்க இல்லையாடா, தூசியோட எப்படிப் போறது?" என்றார். எவ்வளவு ஊதியும் புருவத்தில் இருந்தது மட்டும் போகாது.